மறக்கருணையும் பிறநாட்டின்மேற் படையெடுப்பும்

இறைவன் உயிர்களை ஒறுத்தலும் அவனது கருணையே என்பது சைவசித்தாந்தத்தின் துணிபு. அறக்கருணை, மறக்கருணை என அஃது இருவகையாய் நிகழினும் கருணையென்னும் அளவில் ஒன்றேயாம். இதனை அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியார் சுபக்கத்து இரண்டாஞ் சூத்திரத்தின்கண் உவமைகள் சிலவற்றால் விளக்கியருளினர். சொல்வழி வாராத புதல்வரைப் பெற்றோர் அதட்டி அடித்தலும் அன்பின் செயலேயாதல் ஓருவமை. சில பிணிகளை அறுத்துங் கீறியும், சிலவற்றை இனிய பொருள்களைக் கூட்டி ஊட்டியும் மருத்துவன் தீர்த்தல் பிறிதோருவமை. இவற்றோடு, தீவினை செய்தாரை அரசன் ஒறுத்து நெறிப்படுத்தலும் இறைவனது அருள்வழிப்பட்ட செயலே என்னுங் கருத்தமைந்த செய்யுளொன்றும் ஆண்டு உளது.

ஈண்டு ஆராய எடுத்துக்கொள்ளப்பட்டது இவ்விறுதிச் செய்யுளின் பொருளெல்லையாகும். அரசனது ஒறுப்பு அருள்வழிப்பட்டதாயின், வலிமிக்க ஓர் அரசு தன்னெல்லை கடந்து சென்று, தன் குடிகளைத் தானே கொன்று குவிக்கும் பிறிதோர் அரசை ஒறுத்தலும் அருள்வழிப்பட்டதாமன்றோ என்னும் வினா எழும். அச்செய்யுள் தீவினை செய்வாரை நிலத்திலுள்ளார் எனப் பொதுப்படக் கூறிற்றேயன்றி, அவ்வரசனது நாட்டிலுள்ளார் என வரைந்து கூறிற்றிலது. ஆகலின் இவ்வினாவுக்கு நூலிலேயே இடமுண்டு.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. ஆம் என விடையிறுப்பின், பிற நாட்டின்மேற் படைசெலுத்துவார் ஒவ்வொருவரும் மறக்கருணை என்னும் பெயரைத் தங்கொடியில் எழுதிக்கொள்ள ஏதுவாம். 2003 இல் ஈராக்கின்மேற் சென்றவர், அந்நாடு பேரழிவுப் படைக்கலங்களை ஒளித்து வைத்துளது என்றனர்; அவை அகப்பட்டில; பின்னர் அம்மக்களைக் கொடுங்கோலினின்றும் விடுவித்தமையே பெரிதும் எடுத்துப் பேசப்பட்டது. அன்று என விடையிறுப்பின், கேடு வேறொரு பக்கத்தினின்றும் வரும். 1994 இல் ருவாண்டா நாட்டிலே ஏறக்குறைய 100 நாள்களில் மாண்டவர் தொகை 8 லட்சம் எனக் கணிக்கப்படுகின்றது. கொலை தொடங்கிய அம்மாதத்திலேயே, ஏப்பிரல் 21 ஆம் நாள், ஆண்டிருந்த ஏறத்தாழ 2,500 பேர்கொண்ட ஐக்கிய நாடுகள் படையை 270 பேராகக் குறைக்குமாறு பாதுகாப்புச் சபை தீர்மானித்தது. பிறர் நாட்டிற் புகுதல் எஞ்ஞான்றும் தகாது என்பார்க்கு இத்தீர்மானமும் உடன்பாடேயாதல் வேண்டும்.

முதற்கண், அவ்வுவமைகள் எதனை உணர்த்த எழுந்தன என்பது நோக்கற்பாலது. உயிர்கட்குத் துன்பத்தையும் ஊட்டுகின்ற இறைவனை அருளுடையான் என்றல் எங்ஙனம் என்பாரை நோக்கியே ஆசிரியர் அவற்றை எடுத்தோதினர். அரசர்க்கு நீதி புகட்டுதல் ஆண்டு அவர் கருத்தன்று. உவமை ஒருபுடை ஒப்புமை பற்றி வருவது. அரசனைக் கொண்டு இறைவனை விளக்கியதனாலேயே இறைவன்பால் உள்ளனவெல்லாம் அரசன்பாலும் உள என ஏற்றிக் கூறுதல் நூல்நெறி அன்று.

இனி அம்மூன்றுவமைக்கும் பொதுவாயுள்ள இயல்பொன்று உண்டு. அடிபட்ட புதல்வனே திருந்துகின்றான். அறுக்கப்பட்ட நோயாளனே நலமுறுகின்றான். ஒறுக்கப்பட்ட குற்றவாளியே பின்னர் நெறிநின்று நரகம் புகாது உய்கின்றான். துன்பம் எய்துவானும் அத்துன்பத்தாற் பயன் எய்துவானும் யாண்டும் ஒருவனே. இவ்வொருமை உண்மையானன்றோ ஒறுப்பு கருணையாயிற்று? போரோ இவ்வியல்பினது அன்று. ஓர் அரசன் செய்த கொடுமைக்காக அவன் நாட்டின்மேற் செல்லும் படை, அவனைத் தொடுமுன் அவனால் வலிந்து படையிற் சேர்க்கப்பட்ட உழவர் மகனைக் கொல்லுகின்றது. வானூர்தியினின்று விழுங் குண்டு வினைசெய்தானையும் செய்யாதானையும் வேறு பிரித்தறியாது. ஒருவன் பிணிக்காக அண்டை வீட்டுக் குழவியின் கையை அறுக்கும் மருத்துவன் உளனாயின் அவனை மருத்துவன் என்பார் யாவர்? ஆகவே எத்துணை நல்ல நோக்கத்தோடு நிகழினும், போர் சித்தியார் கூறிய தண்டம் ஆகாது.

அன்றியும், இறைவன் முற்றறிவினன். எவ்வுயிர்க்கு எப்பொழுது எத்துணைத் துன்பம் வேண்டும் என்பதனை அளந்தறிந்து ஊட்டுவான். தனக்கென ஒரு பயன் கருதாதவன். அரசென்பதோ மலத்தாற் கட்டுண்ட உயிர்கள் பல கூடிய கூட்டம். யான் எனது என்னுஞ் செருக்கு ஒருவன்பால் நிற்பதினும் ஒரு நாட்டின்பால் நிற்கும்போது பன்மடங்கு பெருகுதல் கண்கூடு. நிலத்திலுள்ளார் என்னும் பொதுச்சொற்கும் உலகமுழுதும் எனப் பொருள்கொள்ள வேண்டுவதில்லை. அரசன் எனவே அவனால் ஆளப்படும் நிலம் என்பது தானே போதரும். இறைநூலின்வழி நின்று ஒறுக்குங்கால் அரசன்செயல் அருள்வழிப்படும் என்பதே அச்செய்யுளின் கருத்து. இரு நாட்டிற்கும் பொதுவாய் ஓரரசனும் இலன். 1945 இல் எழுந்த ஐக்கிய நாடுகள் சாசனம் ஒருவாறு பொதுநூல் போல நிற்பதாயினும், அதனை நிறைவேற்றும் அவையில் ஐந்து நாடுகள் தாம் வேண்டாததனைத் தனித்தே தடுக்க வல்லன.

ஈண்டுச் சைவருள் ஒருசாரார்க்கு வேறோர் ஐயம் நிகழ்தல் கூடும். கொல்லப்படுவார் தத்தம் முன்வினைப்பயனை நுகர்கின்றனர். அதனைப் பிறர் சென்று தடுத்தல் வினைநெறிக்கு மாறாம் என்பது அது. இவ்வாறு கூறுவார் வினைக்கொள்கையைப் பாதியளவிற் கற்றவராவர். பிறன் ஒருவனது வினை இன்னது, அஃது இவ்வாறு முடியும் என அறிந்தூட்டும் உரிமை இறைவன் ஒருவனுக்கே உரியது. கண்முன் ஒருவன் வெட்டப்படுங்கால், ஆற்றலிருந்தும் வாளாவிருந்தவன் அவ்விருப்பினால் தனக்கு ஆகாமியம் ஈட்டிக்கொள்கின்றான். வெட்டுண்டான் பிராரத்தம் இவனுக்கு மறுமொழியாகாது. ஆற்றில் வீழ்ந்த குழவியை வினைப்பயன் என விட்டுப்போன சைவரை எவரும் புகழ்ந்திலர்.

படையெடுத்தல் மறக்கருணை ஆகாது என்றும், வாளாவிருத்தல் நிரபராதம் ஆகாது என்றும் பெறப்பட்டபின், எப்பொழுது புகலாம் என்பதே எஞ்சிய வினா. இதன்கண் மேனாட்டறிஞருட் பலரும் இன்றளவும் எடுத்தாளும் கட்டுரை, ஜான் ஸ்டூவர்ட் மில் 1859 இல் பிறர் காரியத்தில் தலையிடாமை குறித்து எழுதியதாகும். ஒரு நாட்டு மக்கள் தம் நாட்டரசனது கொடுங்கோலினின்றும் விடுபட முயலுங்கால், அன்னியர் படையோடு சென்று அவர்க்கு விடுதலையை ஈட்டிக்கொடுத்தல் தகாது என்பது அவர் கொள்கை. தானே முயன்று பெறாத விடுதலை நிலைபெறாது. விடுதலையைக் காக்கும் பண்புகள் அதனைப் பெறும் முயற்சியிலேயே விளைவன என்பது அவர் காட்டும் ஏது. அவ்வரசனுக்குத் துணையாக வேறோர் அன்னியன் புகுந்தவழி மாத்திரம் விலக்குக் கூறினர். 1849 இல் ஆஸ்திரியாவுக்காக ருசியப்படை அங்கேரியரை அடக்கியது அவர் காட்டிய உதாரணம்.

சித்தாந்தங் கற்றார்க்கு இக்கொள்கை புதிதாய்த் தோன்றாது. மலபரிபாகம் உற்றன்றிச் சத்திநிபாதம் நிகழாது. பக்குவம் வாராத காயைத் தடியால் அடித்து வீழ்த்தினும் அது கனியாகாது. நல்லாட்சியையும் குடியரசையும் வானூர்தியில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு நாட்டில் இறக்கிவைத்தல் இயலாதென்பதற்கு, 2001 முதல் 2021 வரை இருபதாண்டு அமெரிக்கப்படை தங்கியிருந்த ஆப்கானித்தானம் சான்று. அப்படை நீங்கி முடியுமுன்னரே, எவரை நீக்கச் சென்றதோ அவரே மீண்டும் தலைநகர் புகுந்தனர். இத்துணையும் மில் கூறியது ஏற்புடைத்தே.

ஆயின் அக்கட்டுரையில் ஓர் இழுக்கு உளது. இந்நாட்டார் அதனை மறத்தற்கில்லை. நாகரிகமுற்ற நாடுகளுக்கு இடையேயுள்ள நெறி நாகரிகமுறாதார்மாட்டுச் செல்லாது என வரைந்து, 1856 இல் ஆங்கிலக் கும்பினியார் அயோத்தி இராச்சியத்தைத் தமதாக்கிக்கொண்டதனை அவர் கடமையென நாட்டினர். அந்நவாபுக்குக் கும்பினிப்படையே காவலாயிருந்தமையின், அவன் கொடுங்கோன்மைக்குக் கும்பினியாரே பொறுப்பாளிகள் என்றது அவர் வாதம். அதன் முற்பகுதி மெய். பொறுப்புடையார் தம் காவலை விலக்கிக்கொள்ளுதலே அதனின்றும் பெறப்படும். நாட்டைக் கவர்ந்துகொள்ளுதல் எங்ஙனம் பெறப்படும்? அடுத்த ஆண்டே, 1857 இல், அவ்வயோத்தி முழுதும் கும்பினியாரை எதிர்த்தெழுந்தது. மில் 1823 முதல் 1858 வரை அக்கும்பினியின் இலண்டன் அலுவலகத்திற் பணிபுரிந்தவர் என்பதும் உடன் நினைக்கத்தக்கது. தானே முயன்று பெறுக எனப் பிறர்க்குக் கூறிய நெறியைத் தம் ஊதியம் வந்த இடத்தே அவர் தளர்த்திக்கொண்டனர்.

இவ்விழுக்கினும் ஆழமானதோர் குறையும் அக்கொள்கையில் உண்டு. முயன்று பக்குவமுறுதற்கு உயிர் உடம்பொடு நிற்றல் வேண்டும். இறைவன் உயிர்கட்குத் தனு கரண புவன போகங்களைக் கூட்டியது, அவற்றைக் கருவியாகக்கொண்டு வினையை நுகர்ந்து மலம் பக்குவமுறுதற்பொருட்டாம். கொடுங்கோலன் கீழ் வாழ்வானுக்குப் போகம் குறைந்திருக்கலாம், புவனம் நெருக்கமாயிருக்கலாம். எனினும் கருவி உளது, முயற்சிக்கு இடம் உளது. கூட்டங்கூட்டமாகக் கொல்லப்படுவார்க்கோ கருவியே பறிக்கப்படுகின்றது. இவர்களை நோக்கித் தாமே முயல்க என்றல், காலை வெட்டுகின்றவன் எதிரே நின்று நடந்து பழகுக என்றல் போலாம். ஆகலின் விடுதலை வேண்டிப் புகுதலும் உயிர் காக்கப் புகுதலும் வேறு வேறு. முன்னையதற்கு மில் கூறிய தடை முழுதும் பொருந்தும், பின்னையதற்குப் பொருந்தாது. ஓர் அரசு தன் குடிகளைத் தொகுதியாகக் கொன்றொழித்தல் நிகழுங்கால், நிகழ்தற்குப் பின்னன்று, பிறிது வழியின்றெனின், புகுதல் தகும் என்பதே சித்தாந்த நெறியினின்றும் பெறப்படுவது.

இவ்விடத்து நோக்கத்தின் தூய்மையை முதலாக வேண்டுவார் பலர். 2001 இல் கானடா அரசின் முயற்சியால் அமைந்த குழுவொன்று, காத்தற்பொறுப்பு என்னுங் கொள்கையை வகுத்தபோதும் செம்மையான நோக்கம் ஒரு நிபந்தனையாக வைக்கப்பட்டது. மலமுடையார் செயலில் முழுத்தூய்மை தேடுதல் வீண். 1971 இல் கிழக்கு வங்காளத்து நிகழ்ந்ததனை நோக்குக. மார்ச்சு 25 ஆம் நாள் இரவு டாக்காவிற் பாகிஸ்தான் படை தொடங்கிய கொலையினின்றும் தப்பி, அவ்வாண்டிறுதிக்குள் ஏறக்குறைய ஒரு கோடி மக்கள் இந்தியா புகுந்தனர். டிசம்பர் 3 ஆம் நாள் பாகிஸ்தான் வானூர்திகள் இந்திய விமான நிலையங்களைத் தாக்க, போர் மூண்டது. 16 ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. தம் நாட்டின் நோக்கம் முழுதும் தூயதே எனப் பாதுகாப்புச் சபையில் இந்தியத் தூதர் கூறினர். அது மிகையுரை. அகதிகளாற் பொருட்சுமை, பகைநாடு இருகூறாதலில் ஊதியம், இவையும் உடனிருந்தன. டிசம்பர் 7 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையோ, 104 நாடுகள் ஒருபுறமும் 11 நாடுகள் மறுபுறமுமாகப் போர்நிறுத்தம் வேண்டித் தீர்மானித்தது. எனினும் கொலை நின்றது; வந்தவர் பெரும்பாலும் தம்மூர்க்கு மீண்டனர்; இந்தியப்படை 1972 மார்ச்சு மாதத்திற்குள் நாடு திரும்பிற்று. நீதியுள்ள போரும் நீதியற்ற போரும் பற்றி 1977 இல் நூலெழுதிய மைக்கேல் வால்சர், கலப்புற்ற நோக்கங்களும் காக்கப்பட்டார் வேண்டுகோளோடு ஒத்துச் சென்றமையின் இதனை உயிர்காத்த செயலாகவே மதித்தனர். அம்மதிப்பு தக்கதே.

கம்போடியாவின் செய்தி இவ்வளவு தெளிவுடையதன்று. முன்னாளிற் சிவாலயங்கள் மலிந்திருந்த அந்நாட்டில், 1975 முதல் 1979 தொடக்கம் வரை பால்பாட்டின் ஆட்சியில் மாண்டவர் 15 லட்சத்துக்கும் 20 லட்சத்துக்கும் இடைப்பட்டவர் எனக் கணிப்பர். 1978 டிசம்பரில் வியட்நாம் படை புகுந்தது; 1979 ஜனவரி 7 இல் தலைநகரைக் கைக்கொண்டது. தன் எல்லையூர்களைத் தாக்கிய பகைவனை அழித்தலே அதன் முதல் நோக்கம். ஆயினும் அந்நாளில் உயிர்தப்பியார்க்கு அந்நோக்கம் ஒரு பொருட்டாமோ? தூய நோக்கமுடைய நாடுகள் பல இருந்தன போலும். அவற்றுள் ஒன்றும் அங்குச் சென்றிலது. பின்னர் அப்படை 1989 வரை அங்கேயே தங்கித் தான் விரும்பிய அரசை நிறுவியதே குற்றத்துக்கு இடமாயிற்று.

நோக்கம் அளவுகோலாகாதெனின், புகுந்தவனை அளக்குங் கோல் யாது? அதற்குச் சாத்திரத்தினும் திருத்தொண்டர் புராணமே சிறந்த வழிகாட்டி. சேக்கிழார் அமைச்சராயிருந்தவர், படையும் திறையும் வெற்றியும் அறியாதவரல்லர். வாதாபியைத் துகளாக்கிய பரஞ்சோதியாரை, அவர் சிவனடியார் என அறிந்தவுடன் அரசன் அஞ்சி, அவரைப் போர்த்தொழிலில் ஏவியதற்குப் பொறை வேண்டி விடுத்தான் என்று சிறுத்தொண்டர் வரலாற்றைத் தொடங்கும் முறையிலேயே போரைப்பற்றிய அவர் மனநிலை புலனாம். கூற்றுவநாயனார் வரலாறு இதனினும் வெளிப்படை. களந்தைத் தலைவராகிய அவர் மன்னர் பலரை வென்று நிலம் பலவற்றைக் கொண்டும், தில்லைவாழந்தணர் சோழர்குலத்தார்க்கன்றி முடிசூட்டோம் என மறுத்துச் சேரநாடு போந்தனர். வெற்றி முடியைத் தாராது என்பது அவ்வந்தணர் கொள்கை. நாயனார் அவர்மேற் படையேவாது, இறைவன் திருவடியையே முடியாக வேண்டிப் பெற்றனர். இதனோடு, 1898 இல் இசுப்பானியர் கொடுமையினின்றும் கியூபாவை மீட்கச் சென்ற அமெரிக்கர், 1901 இல் அந்நாட்டின் அரசியல் நூலிலேயே தாம் வேண்டும்போது புகும் உரிமையை எழுதுவித்துக்கொண்டமையை ஒப்பிட்டு நோக்குவார்க்கு வேறுபாடு இனிது விளங்கும்.

இவையிரண்டினும் முதன்மையுடையது புகழ்ச்சோழநாயனார் வரலாறு. கருவூரில் தங்கித் திறைபெறுங்கால் அதிகன் என்பான் ஒருவன் திறைகொணரவில்லை என அறிந்து, நாயனார் அவன்மேற் படையேவினர். படை வென்றது, அதிகன் காட்டில் ஓடி ஒளித்தான், வெட்டுண்ட தலைகள் குவியலாய் மன்னர்முன் வந்தன. குற்றமுடையான் தப்பியதும் பிறர் தலைகள் வந்ததும் போரின் இயல்பை உள்ளவாறு காட்டுகின்றன. அக்குவியலுள் ஒரு தலையிற் சடையைக் கண்டார் மன்னர். நடுங்கினார், தம் மைந்தர்க்கு முடிசூட்டுமாறு அமைச்சர்க்குரைத்து, அத்தலையைப் பொற்கலத்தில் ஏந்தித் தீவலஞ் செய்து தீயிற் புக்கனர்.

உரைகூறுவோர் பலரும் இதனை அடியார்பத்தியின் மேன்மையாக மாத்திரம் கொண்டு செல்வர். அது மெய்யேயாயினும் வரலாறு அத்துடன் அமையவில்லை. ஏவியவர் தலைகளைப் பார்த்தனர் என்பது ஈண்டு இன்றியமையாதது. பாராதிருந்தாரேல் சடை தெரிந்திராது. 2002 இல் ஆப்கானித்தானப் போரை நடத்திய அமெரிக்கத் தளபதி டாமி பிராங்க்ஸ், பிணங்களை எண்ணுதல் தங்கள் வழக்கமன்று என்னுங் கருத்துப்படக் கூறினர். காத்தற்பொருட்டுப் புகுந்தோம் என்பார்க்கு அவ்வழக்கம் இல்லையாயின் வேறெவர்க்கு உளதாதல் வேண்டும்? 1987 ஜூலை 29 இல் எழுந்த உடன்படிக்கையின்வழி ஈழம் சென்ற இந்தியப்படையும் அமைதிகாக்கும் படை என்னும் பெயரோடு சென்றதே. மூன்றுமாதம் நிரம்புமுன் யாழ்ப்பாணத்தில் போர் மூண்டு, காக்கப்பட வேண்டிய தமிழ்மக்களும் மாண்டனர். 1990 மார்ச்சில் அது மீண்டபின் தன் வீரரை எண்ணியவாறு ஆண்டு மாண்ட குடிகளை எண்ணிற்றில்லை.

இங்ஙனமாயின் எவ்வரசும் அஞ்சிப் படைசெலுத்தாது, ருவாண்டாவில் நிகழ்ந்ததே யாண்டும் நிகழுமன்றோ எனின், அற்றன்று. மன்னர் படையேவியிருத்தலாகாது எனச் சேக்கிழார் யாண்டுங் கூறிற்றிலர். ஏவிய செயலின் வினை ஏவியார்க்கே உரியது என்பதனையே அவ்வரலாறு காட்டுகின்றது. அழித்தலால் இறைவனை வினை தொடராது. அழித்தலால் அரசனை வினை தொடரும். மறக்கருணைக்கும் அரசர் போர்க்கும் உள்ள வேறுபாடு இதுவே. உயிர்காக்கப் புகுந்தவன் புகவேண்டியே புகுந்தானெனினும், அவன் படையால் மாண்டார் தலைகள் அவன் முன்னரே வந்து சேரும். அச்சடைத்தலைக்குரியவர் போரில் வீழ்ந்தாருள் ஒருவர். பகைவர் பக்கத்தவர் என்பதனை நாயனார் தமக்குச் சமாதானமாகக் கொண்டிலர்.